விதை இருப்பையும் விலையையும் அலுவலகத்தில் இருப்பவர்களே இணையதளத்தில் மாற்ற என்ன ஏற்பாடு செய்யலாம்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இணையதளத்தைச் சீர்செய்ய வேண்டியிருக்கிறது. தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில், பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிடும் ஷேர்டு ஹோஸ்டிங், பெட்டிகளை இழுத்துப் போடும் பேஜ் பில்டரில் கட்டிய பக்கங்கள். அலுவலகத்தில் நான்கு பேர்: கணக்கர், விதைக் கிடங்கு பார்ப்பவர், அறுவடை இயந்திர வாடகைப் பதிவு எழுதுபவர், களப்பணியாளர். நால்வருக்கும் வாட்ஸ்அப் தண்ணீர் பட்ட பாடு, எக்செல் ஓரளவு வரும். இணையதளத்துக்குள் போவதற்கு மட்டும் தயக்கம். அதில் நியாயமும் இருக்கிறது. விலையை மாற்றப் போய்க் கை தவறி ஒரு பத்தி நகர்ந்தாலே, போனில் பார்க்கும்போது முகப்பு கோணிக்கொள்கிறது.

அடிக்கடி மாறுபவை மூன்று: ரகவாரியாக விதை இருப்பும் விலையும், பெல்ட் வண்டி, டயர் வண்டி வாடகையும் எந்த ஊருக்கு எந்த நாள் என்பதும், பிறகு அறிவிப்புகள். விலை மூன்று இடத்தில் எழுதியிருப்பதால் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் பழையதாகவே நிற்கின்றன. அறிவிப்புகளை டி.டி.பி கடையில் போஸ்டராக அடித்து, அந்தப் படத்தை மட்டும் ஏற்றுகிறார்கள். குறுவை விதை அறிவிப்பு தை மாதத்திலும் முகப்பின் உச்சியில் நிற்கிறது.

வேர்ட்பிரஸையே விட்டுவிட வேண்டுமா? தமிழ் தட்டச்சும் ஒரு தலைவலி. இருவருக்குப் பாமினி விசைப்பலகை மட்டுமே தெரியும், மற்ற இருவரும் போனில் குரலில் சொல்லி எழுதுபவர்கள்.


குடமுருட்டி எழுதியது:

வேர்ட்பிரஸை விட வேண்டாம். வெள்ளைத்தாள் மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்து "எழுதுங்கள்" என்று சொல்வதுதான் இங்கே கோளாறு. கிடங்குக்காரருக்கு ரகம் தெரியும், மூட்டை தெரியும், விலை தெரியும். எழுத்தளவும் நிறமும் பத்தி அகலமும் அவர் தலையில் ஏற வேண்டியவை அல்ல. அவருக்கு வேண்டியது பேங்க் செலான் மாதிரி ஒரு படிவம்.

"விதை" என்று தனியாக ஒரு கஸ்டம் போஸ்ட் டைப் (நாமே வகுக்கும் பதிவு வகை) வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரகத்துக்கு ஒரு பதிவு. ஏ.சி.எஃப் (அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்) அல்லது பாட்ஸ் என்ற செருகியால், அதாவது வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரலால், அதற்குக் கட்டங்கள் போடுங்கள். ரகத்தின் பெயர் தலைப்பு. வயதுப் பிரிவு தேர்வுப் பட்டியல்: குறுகிய காலம், மத்திய காலம், நீண்ட காலம். கிலோ விலை, கையிருப்பு மூட்டை, ஒரு மூட்டை எத்தனை கிலோ ஆகிய மூன்றும் எண் கட்டம். கடைசியாக, சரிபார்த்த தேதி. ஏ.சி.எஃப் இலவசப் பதிப்பில் இவை எல்லாம் உண்டு. ஒரே பதிவில் கட்ட வரிசையைத் திரும்பத் திரும்பச் சேர்க்கும் ரிப்பீட்டர் மட்டும் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் வருகிறது. ரகத்துக்கு ஒரு பதிவு என்று வைத்துவிட்டால் அதற்கு வேலையே இல்லை.

எண் கட்டத்தில் குறைந்த, அதிக வரம்பைக் கட்டாயம் போடுங்கள். கிலோ விலைக்கு 10 முதல் 300 வரை என்று வைத்தால், மூட்டை விலையை அந்தக் கட்டத்தில் எழுதும்போது சேமிக்க விடாது. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் குறிப்பு எழுத இடம் இருக்கும். "மூட்டைக் கணக்கில் எழுதவும், கிலோவில் வேண்டாம்" என்று ஒரு வரி போதும். நாற்பது பக்கக் கையேட்டை யாரும் புரட்டப் போவதில்லை, கட்டத்தின் அடியில் இருக்கும் வரியைப் படிப்பார்கள்.

கணக்குப் போட்டு வரக்கூடிய எதையும் ஆளைக் கொண்டு எழுத வைக்காதீர்கள். விதையளவு நல்ல உதாரணம். நாற்று நடவுக்குப் பரிந்துரை எக்டேருக்குக் குறுகிய கால ரகம் 60 கிலோ, மத்திய காலம் 40, நீண்ட காலம் 30. ஏக்கருக்கு ஏறக்குறைய 24, 16, 12. குறுகிய கால ஏ.டி.டி 43 பதிவை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி நீண்ட கால சி.ஆர் 1009 ஆக்கினால், சம்பா நெல்லுக்குக் குறுவை விதையளவு அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். பார்ப்பவர் இரண்டு மடங்கு விதை வாங்கிப் போவார். வயதுப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் வார்ப்புருவே (பக்கத்தை வரையும் அச்சு) விதையளவைக் காட்டும்படி செய்துவிட்டால் அந்தப் பிழைக்கு வழியே இல்லை. திருந்திய நெல் சாகுபடிக்கு ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ என்ற வரியும் வார்ப்புருவில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

விலை அந்தப் பதிவில் மட்டுமே இருக்க வேண்டும். முகப்பு, விதைப் பக்கம், அறிவிப்பு எல்லாம் அங்கிருந்து எடுத்துக் காட்டட்டும். அறிவிப்புக்குள் யாராவது விலையைக் கையால் எழுதினால் பழைய கதைதான்.

அறிவிப்புக்கு, பத்தி, படம் என்று துண்டு துண்டாக (பிளாக்) எழுதும் வேர்ட்பிரஸின் சொந்த பிளாக் எடிட்டரே போதும். ஒரு பேட்டர்ன் (முன்பே அடுக்கிய பிளாக் அமைப்பு) செய்து வையுங்கள்: என்ன, யாருக்கு, எந்த நாள் எத்தனை மணிக்கு, எங்கே, எதைக் கொண்டு வர வேண்டும், யாரைக் கூப்பிடுவது. பிளாக்குகளைப் பூட்டும் வசதி வேர்ட்பிரஸ் 6.0இல் இருந்து எடிட்டரிலேயே இருக்கிறது. உள்ளடக்கத்தை மட்டும் திருத்தவிடும் பூட்டு 6.1இல் வந்தது. பூட்டிவிட்டால் எழுத்தை மாற்றலாம், அமைப்பு நகராது. அனுமதிக்கும் பிளாக்குகளையும் பத்தி, துணைத்தலைப்பு, பட்டியல், படம், அட்டவணை என்று ஐந்தாகக் குறைத்துவிடுங்கள். பட்டனும் ஸ்பேசரும் இருந்தால் அலங்காரம் ஆரம்பித்துவிடும்!

பேஜ் பில்டர் பக்கங்களை ஒரேயடியாகப் பிய்க்க வேண்டாம். முகப்பை மட்டும் முதலில் வெளியே எடுங்கள். "எங்களைப் பற்றி" போன்றவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அவற்றைத் தொடும் உரிமைதான் கணக்கரைத் தவிர யாருக்கும் வேண்டாம்.

உரிமை என்றதும், நால்வருக்கும் அட்மின் (முழு அதிகாரம்) கொடுத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கணக்கருக்கு எல்லோர் பதிவையும் திருத்தும் எடிட்டர் நிலை, மற்றவர்களுக்கு ஆதர் நிலை. எழுதலாம், தானே வெளியிட முடியாது என்ற கான்ட்ரிபியூட்டர் நிலை பாதுகாப்பானது போலத் தோன்றும், ஆனால் அந்த நிலையில் படம் ஏற்ற முடியாது. இரண்டாம் நாளே "படம் போகவில்லை" என்று போன் வரும். ஆதர் தன் பதிவை மட்டுமே திருத்த முடியும், பக்கங்களைத் தொட முடியாது. நமக்கு வேண்டியதும் அதுதான். ஒரே சிக்கல், விதைப் பதிவுகளை நீங்களே உருவாக்கி வைத்தால் கிடங்குக்காரரால் திருத்த முடியாது. உருவாக்கிய கையோடு ஆசிரியர் பெயரை அவருடையதாக மாற்றிவிடுங்கள்.


கல்லணைக்கால்வாய் எழுதியது:

குடமுருட்டி சொல்வது விதைக்குச் சரி. இயந்திர வாடகைக்கு அத்தனை ஏற்பாடு எதற்கு? அறுவடை நேரத்தில் ஒரு நாளைக்கு நாலு முறை மாறும் அட்டவணை அது. மழை பெய்தால் நீடாமங்கலம் வண்டி அடுத்த நாளைக்குத் தள்ளும், கோட்டூர் வண்டி இடையில் வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ளே நுழைந்து, பதிவைத் திறந்து, சேமித்து என்றால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். கூகுள் ஷீட் கொடுங்கள். எக்செல் தெரிந்தவருக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம்.

ஒரே கோப்பில் இரண்டு தாள். முதல் தாளில் பதிவு செய்தவர் பெயர், போன் எண், வயல் விவரம் எல்லாம் இருக்கும். இரண்டாவது தாள் அதிலிருந்து ஊர், நாள், வண்டி வகை, காலியா இல்லையா என்பதை மட்டும் எடுத்துக் காட்டும். ஃபைல் → ஷேர் → பப்ளிஷ் டு வெப் போய் இரண்டாவது தாளை மட்டும் தேர்ந்தெடுத்து சி.எஸ்.வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆக வெளியிடுங்கள். அங்கே "முழுக் கோப்பு" என்பதுதான் முதலில் நிற்கும். அதைக் கவனிக்காமல் அழுத்தினால் விவசாயிகளின் போன் எண் அத்தனையும் ஊரறிய வெளியே போகும். இந்த ஒரு படியை மட்டும் நீங்களே செய்யுங்கள்.

ஷீட்டை ஐஃபிரேமாக, அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக, ஒட்டாதீர்கள். போனில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டியிருக்கும், கூகுள் தேடலிலும் உங்கள் பக்கத்துச் செய்தியாக வராது. சி.எஸ்.வியைப் படித்து அட்டவணையாக வரைகிற செருகி ஒன்றைப் போடுங்கள். ஷீட்டில் மாற்றியது வெளியே தெரியச் சில நிமிடம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஷீட்டில் வழக்கமாகத் தப்பு வரும் இடங்கள் சில. லொகேல் (எந்த நாட்டு வழக்கம் என்ற அமைப்பு) அமெரிக்காவாக இருந்தால் 5/6 என்று எழுதியது ஜூன் 5 ஆகாமல் மே 6 ஆகிவிடும். ஃபைல் → செட்டிங்ஸில் இந்தியா என்று மாற்றுங்கள். "10-12 மணி" என்பதற்கு 10-12 என்று மட்டும் எழுதினால் அதையும் தேதியாக்கிவிடும். அந்த நிரல் முழுவதையும் பிளெய்ன் டெக்ஸ்ட் ஆக்குங்கள். அழகுக்காகக் கட்டங்களை இணைத்தால், இணைத்ததில் முதல் வரிக்கு மட்டும் மதிப்பு இருக்கும், மற்றவை சி.எஸ்.வியில் வெற்றாகப் போகும். ஊர்ப் பெயருக்கு டேட்டா வேலிடேஷனில் இறங்கு பட்டியல் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் திருத்துறைப்பூண்டி, திருத்துரைப்பூண்டி, தி.பூண்டி என்று ஒரே ஊர் மூன்று ஊராகி நிற்கும். தலைப்பு வரியையும் சூத்திரம் உள்ள தாளையும் புரொடெக்ட் செய்துவிடுங்கள்.


பாமணியாறு எழுதியது:

எழுத்துரு விஷயம் தனியாகப் பேச வேண்டியது. இதைச் சரிசெய்யாமல் எந்தப் படிவம் கொடுத்தாலும் வீண்.

விசைப்பலகை வேறு, குறியாக்கம் (எழுத்துக்குக் கணினி வைக்கும் எண்) வேறு. பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். ஆனால் பாமினியில் பழகிய விரலை மாற்ற வேண்டியதில்லை. என்.எச்.எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தட்டச்சுச் செயலிகள் இரண்டிலும் பாமினி விசையமைப்பு இருக்கிறது. விரல் பழைய விசையைத்தான் தட்டும், வெளியே வருவது எந்தப் போனிலும் தெரியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடு. தமிழ்99 விசையமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் அதை நிபந்தனையாக்கினால் வேலை நிற்கும்.

பழைய கோப்புகளை மாற்ற என்.எச்.எம் கன்வெர்ட்டர் போன்றவை உண்டு. மூல எழுத்துரு எது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாமினி அட்டவணையும் வானவில் அட்டவணையும் ஒன்றல்ல. "கௌரவம், ஔவை, ஸ்ரீரங்கம், தூயமல்லி, ஞாயிறு, மூட்டை" என்று ஒரு வரியை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். அது சரியாக வந்தால் மற்றதும் பெரும்பாலும் சரியாக வரும்.

மாற்றிய பிறகு கண்ணுக்குத் தெரியாத பிழைகள் மிஞ்சும். தமிழ்நாட்டு இணையதளங்களில் எங்கு பார்த்தாலும் கிடப்பது ரகரத்துக்குப் பதில் துணைக்கால். "உழவா்" என்று இருப்பதும் "உழவர்" என்பதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முதலாவதில் இருப்பது துணைக்காலும் புள்ளியும். தேடுபவர் "உழவர்" என்று அடித்தால் அந்தப் பக்கம் அகப்படாது. "ரி"க்குப் பதில் "ாி"யும், "ரீ"க்குப் பதில் "ாீ"யும் இப்படித்தான். நல்லவேளையாக, துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ தமிழில் வரவே வராது. ஆகவே இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரேயடியாக மாற்றிவிடலாம்.

ஔகாரத்தில் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. "கௌரவம்" என்பது "கெளரவம்" ஆகி ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக விழுந்திருக்கும். சரி என்று "ெள" எல்லாவற்றையும் "ௌ" ஆக்கினால் வெள்ளம், தெளிப்பு, வெள்ளிக்கிழமை எல்லாம் நாசமாகிவிடும். கௌரவம், சௌகரியம், பௌர்ணமி என்று சொல்வாரியாகத் தேடித்தான் மாற்ற வேண்டும்.

போஸ்டர் பழக்கத்தை நிறுத்தச் சொன்னால் நிற்காது. திசையை மாற்றுங்கள். இப்போது டி.டி.பி கடையில் எழுத்துப் பிறந்து படமாக இணையதளத்துக்கு வருகிறது. இனிமேல் அறிவிப்பு முதலில் இணையதளப் படிவத்தில் யூனிகோடாக எழுதப்படட்டும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பினால், அவர் யூனிகோடில் இருந்து பாமினிக்கு மாற்றிப் போஸ்டர் அடித்துக்கொள்வார். பேஜ்மேக்கரில் பாமினியில் செய்த பி.டி.எஃப்பை ஏற்றுவதும் உதவாது. அதில் எழுத்து இருப்பது போலத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் அதே குப்பைதான் வரும். கண் தெரியாதவருக்குத் திரைவாசிப்பானும் அதைத்தான் வாசித்துக்காட்டும்.

குரலில் எழுதுபவர்களுக்கு ஒரே ஒரு விதி. வாக்கியத்தைச் சொல்லலாம், எண்ணையும் ரகப் பெயரையும் கையால் அடிக்க வேண்டும். "ஏ.டி.டி முப்பத்தாறு" என்று சொன்னால் எப்படி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இணையதளத்தில் தெரியும் எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றாக இருக்கட்டும். வரி இடைவெளி 1.6க்குக் குறையாமல் இருந்தால் மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் முட்டாது. இருபக்கமும் சீராக்கும் ஜஸ்டிஃபை வேண்டாம். நம் சொற்கள் நீளம், போனின் அகலத்தில் நடுவே வாய்க்கால் வாய்க்காலாக இடைவெளி விழும்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. துணைக்கால் விஷயம் போய்த் தேடிப் பார்த்ததில் முகப்பிலேயே ஆறு இடத்தில் இருக்கிறது.

இரண்டு சந்தேகம். கிடங்கில் கணினி கிடையாது, ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான். அதிலேயே விலை மாற்றுவது, படம் ஏற்றுவது எல்லாம் முடியுமா? அடுத்தது, விலையை மாற்றியவர் "மாற்றிவிட்டேன்" என்கிறார், வெளியே பார்ப்பவர் "பழைய விலைதான் இருக்கிறது" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கிறது.


அரசலாறு எழுதியது:

இரண்டாவதில் இருந்து வருகிறேன். அது கேஷ், அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பக்க நகல். உள்நுழைந்திருப்பவருக்குப் பெரும்பாலான கேஷ் செருகிகள் சேமித்து வைத்த நகலைக் காட்டாமல் புதுப் பக்கத்தையே காட்டும். வெளியாருக்கு நகல்தான் போகும். அதனால்தான் இருவர் சொல்வதும் உண்மை. சேமித்ததும் நகலை அழிக்கும் வசதி பெரும்பாலான செருகிகளில் இருக்கிறது. ஆனால் அது அந்தப் பதிவின் சொந்தப் பக்கம், முகப்பு போன்றவற்றைத்தான் அழிக்கும். குடமுருட்டி சொன்னபடி விதைப் பதிவுகளைத் திரட்டிக் காட்டும் "விதை விலை" பக்கம் தனி. அதற்குத் தொடர்பு இருப்பது செருகிக்குத் தெரியாது. விதைப் பதிவு எது சேமிக்கப்பட்டாலும் அந்தப் பக்கமும் அழிய வேண்டும் என்று செட்டிங்ஸில் எழுதுங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கத்தைக் கேஷில் இருந்து விலக்கிவிடுங்கள். பணியாளருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மாற்றிய பின் இன்காக்னிட்டோவில் (உள்நுழையாத தனி ஜன்னலில்) திறந்து பார்க்கவும். விவசாயி பார்ப்பது அதைத்தான்.

போனில் விலை மாற்றுவது தாராளமாக முடியும். வேர்ட்பிரஸ் ஆப் வேண்டாம், உங்கள் தனிக் கட்டங்கள் அதில் ஒழுங்காக வராது. குரோமில் உள்நுழைந்து விதைப் பட்டியல் பக்கத்தை முகப்புத் திரையில் குறுக்குவழியாகச் சேர்த்துவிடுங்கள். ஆதர் நிலையில் இருப்பவருக்கு வேண்டாத மெனுக்களை மறைத்தால் சிறிய திரையில் தேட வேண்டியிருக்காது.

படத்துக்கு வருவோம். போன் கேமராவில் எடுத்தது 4000 பிக்சல் அகலம், 3 முதல் 5 எம்.பி வரை இருக்கும். வேர்ட்பிரஸ் 5.3இல் இருந்து 2560 பிக்சலுக்கு மேல் போகும் படத்தைத் தானே சுருக்குகிறது, ஆனால் மூலப்படத்தையும் சர்வரில் வைத்துக்கொள்கிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இடம் நிரம்புவது இப்படித்தான். இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது, கௌரவமானதுதான்: படத்தை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு முறை சாதாரணமாக அனுப்பி, அங்கிருந்து சேமித்து ஏற்றுங்கள். ஹெச்.டி தேர்வு வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்புவதும் வேண்டாம். நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு வந்துவிடும், சில நூறு கே.பிதான் இருக்கும். படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜி.பி.எஸ் குறிப்பும் கழன்றுவிடும். ஒருவர் வயலும் வீடும் எங்கே இருக்கிறது என்பதை மூலப்படத்தோடு சேர்த்து ஏற்றிவிடும் ஆபத்து இதனால் தீர்கிறது.

தலைப்பைத் தமிழில் வைத்தால் இணைப்பு முகவரியும் தமிழில் உருவாகும். அங்கே ஒரு பொறி. வேர்ட்பிரஸ் முகவரிப் பகுதியை 200 குறிகளுக்குள் வெட்டும். தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு, ஒவ்வொன்றும் முகவரியில் 9 குறிகளாக விரியும். மொத்தம் 22 குறியீட்டுக்குமேல் தாங்காது. "நேரடி நெல் கொள்முதல் நிலையம்" என்ற தலைப்பு முகவரியில் "நேரடி-நெல்-கொள்முதல்-நில" என்று அறுந்து நிற்கும். அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறியும் எண்ணுமாக அரைப் பக்கத்துக்கு ஓடும், பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று நினைப்பார். பதிவு எண்ணை வைத்து முகவரி அமையும்படி பெர்மாலிங்க் (பதிவின் நிலை முகவரி) வைத்துவிடுங்கள். பணியாளர் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நேர மண்டலத்தைப் பார்த்தீர்களா? செட்டிங்ஸ் → ஜெனரலில் கொல்கத்தா என்று இல்லாமல் யு.டி.சியாகவே (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) விட்டிருந்தால், காலை 6 மணிக்கு வெளிவர வேண்டிய அறிவிப்பு 11.30க்கு வரும். நேரம் சரியாக இருந்தும் வராவிட்டால் காரணம் வேறு. வேர்ட்பிரஸின் கால அட்டவணை யாராவது தளத்தைத் திறந்தால்தான் ஓடும். விடிகாலையில் ஆள் வராத தளத்தில் அறிவிப்பும் வராது. சிபேனல் என்ற ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் உண்மையான கிரான் (நேரத்துக்குத் தானே ஓடும் வேலை) ஒன்றை 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஓட வைத்துவிட்டு, வேர்ட்பிரஸின் சொந்த கிரானை நிறுத்திவிடுங்கள்.

புயல் காலத்துக்கு ஓர் ஏற்பாடும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது டெல்டாவில் பல இடங்களில் மின்சாரம் திரும்ப நாள் கணக்கானது. அலுவலகக் கணினியை நம்பி இருக்கக் கூடாது. முகப்பின் மேல் ஒரு வரி அவசர அறிவிப்பு, அதற்கு ஒரு கட்டம், எத்தனை மணி வரை என்று இன்னொரு கட்டம். மொபைல் டேட்டாவில், போனில் இருந்தே அதை மாற்ற முடிகிறதா என்று ஐப்பசிக்கு முன்னால் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.


குடமுருட்டி எழுதியது:

வாடகைக்கு ஷீட் என்று கல்லணைக்கால்வாய் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். விதைக்கு மட்டும் படிவமே இருக்கட்டும். போனில் ஷீட்டின் சின்னக் கட்டத்தில் விரல் வைத்துப் பக்கத்து ரகத்தின் விலையை மாற்றுவது சுலபம்.

தை மாதத்தில் குறுவை அறிவிப்பு நிற்கும் சங்கதி இன்னும் பாக்கி. "எந்த நாள் வரை" என்ற தேதிக் கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். அது இல்லாமல் வெளியிட முடியக் கூடாது. அந்த நாள் தாண்டினால் முகப்பில் இருந்து விலகி, பழைய அறிவிப்புகள் பட்டியலுக்குப் போகட்டும். ஏ.சி.எஃப் தேதியை 20250612 என்பது போல ஆண்டு, மாதம், நாள் ஒட்டிய 8 இலக்கமாகச் சேமிக்கிறது. திரையில் நாள்/மாதம்/ஆண்டு என்று தெரிவதைப் பார்த்து அதே வடிவில் ஒப்பிட்டால் காலாவதிக் கணக்கு தப்பாகிவிடும். ஒப்பிடும் "இன்று" என்பதும் தளத்தின் நேர மண்டலத்தில் இருக்க வேண்டும். சர்வர் நேரத்தை எடுத்தால் காலை 5.30 வரை நேற்றைய அறிவிப்பு நிற்கும்.

காலாவதி போட முடியாத பக்கங்களும் உண்டு: பங்குதாரர் ஆவது எப்படி, விதை நேர்த்தி, தொடர்பு எண்கள். இவற்றுக்கு ஆங்கில மாதக் கணக்கு வைத்தால் மறந்துபோகும், பருவத்தோடு கட்டுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. மே கடைசி வாரம் குறுவைக்கு ஒரு பார்வை, ஆகஸ்ட் தொடக்கத்தில் சம்பாவுக்கு, பொங்கலுக்கு முன் அறுவடைக்கு. பக்கத்துக்கு ஒருவர் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "அலுவலகம்" என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பிறர் முடிவு செய்யும் தகவலை நகலெடுத்து வைக்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்று எழுதி வைத்திருப்பீர்கள். மழை அதிகமான பருவங்களில் அது தளர்த்தப்படுவது உண்டு. உங்கள் பக்கத்தைப் பார்த்து ஒருவர் நெல்லை இன்னும் இரண்டு நாள் களத்தில் காயவைத்தால், நடுவில் ஒரு மழை போதும். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு அரைநாள் வகுப்பு தேவையில்லை. சோதனைத் தளம் ஒன்றை வைத்து, ஆளுக்கு ஐந்து வேலை கொடுங்கள்: விலை மாற்று, இருப்பைப் பூஜ்யம் ஆக்கு, அறிவிப்பு ஒன்று போடு, படம் சேர், தவறிப்போனதைப் பழைய திருத்தத்துக்கு மீட்டெடு. பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே படிவத்தைத் திருத்த வேண்டும். ஐந்தாவது வேலை முக்கியம். மீட்டெடுக்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் பயம் போகும். ஆனால் ஒன்று, பழைய திருத்தங்களைச் சேமிக்கும் ரிவிஷன் வசதியை உங்கள் போஸ்ட் டைப்பில் நீங்கள் இயக்கியிருக்க வேண்டும், தானாக வராது.

டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். வடிவமைத்தவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்குத்தான் போகும், ஓ.டி.பியும் அவர் போனுக்குத்தான். நிறுவன மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள்.

நால்வரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் கணக்கை உடனே அழிக்கப் போகாதீர்கள். அழிக்கும்போது, அவர் பெயரில் உள்ள பதிவுகளை அழிக்கவா, வேறொருவருக்கு மாற்றவா என்று வேர்ட்பிரஸ் கேட்கும். அவசரத்தில் முதலாவதை அழுத்தினால் விதைப் பதிவுகள் அத்தனையும் கணக்கோடு போய்விடும். முதலில் கடவுச்சொல்லை மாற்றி, நிலையை எதையும் திருத்த முடியாத சப்ஸ்கிரைபர் ஆக்கி, பதிவுகளைப் புதியவர் பெயருக்கு மாற்றிய பிறகு நிதானமாக அழித்துக்கொள்ளலாம்.